ஹூபர் இருந்த ஊர்கள்: போலந்துப் பயணக் குறிப்புகள்

கிராக்கோவ், ஞாயிறு இரவு

இரைச்சலும் அதிர்வும்தான் என் தொழில். கம்ப்ரசர் ஏன் கத்துகிறது, பம்ப் நிற்கும் அடித்தளம் ஏன் நடுங்குகிறது, எந்தத் தாங்கி முதலில் விரிசல் விடும் என்று பார்த்துச் சொல்வேன். அந்த வேலையில் நாள் தவறாமல் கண்ணில் படும் பெயர் வான் மீசஸ். கணினியில் ஒரு பாகத்துக்குச் சுமை கொடுத்துக் கணக்குப் போட்டால் நீலத்திலிருந்து சிவப்புவரை நிறம் பூசிக் காட்டுமே, அந்தப் படத்தின் மூலையில் இருக்கும் பெயர். அந்த அளவுகோலின் அடிப்படையை அவருக்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1904இல், போலிஷ் மொழியில் எழுதி அச்சிட்டவர் ஒருவர் உண்டு. மாக்ஸிமிலியன் தித்துஸ் ஹூபர். நான் படித்த பாடநூலில் அவர் பெயர் இல்லை. அவர் வேலை பார்த்த ஊர்களையும், அதே காலத்தில் அதே மண்ணில் உழைத்த இன்னும் சிலரின் ஊர்களையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. இந்தக் கோடையில் கைகூடியது. அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

ஹூபர் 1872இல், நாட்டின் தென்கோடியில் துனாயெட்ஸ் ஆற்றங்கரையில் உள்ள மலையூர் ஒன்றில் பிறந்தார். அப்போது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்திலேயே கிடையாது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டு எடுத்திருந்தன. ஆஸ்திரியாவின் பங்கில் இருந்த கிராக்கோவிலும் லிவூஃபிலும்தான் போலிஷ் மொழியில் உயர்கல்வி நடந்தது. லிவூஃப் இன்று உக்ரைனின் லிவிவ். அங்கே பாலிடெக்னிக்கில் படித்தார். (பாலிடெக்னிக் என்றதும் நம்மூர் டிப்ளமோ படிப்பை நினைக்க வேண்டாம், இங்கே அது முழுப் பொறியியல் பல்கலைக்கழகம்.) படித்து முடித்து, நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் இந்தக் கிராக்கோவில் ஒரு தொழிற்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெரிய ஆய்வகம் கிடையாது, பெரிய பதவியும் கிடையாது. அந்த நாட்களில் எழுதிய கட்டுரைதான் லிவூஃபில் வந்துகொண்டிருந்த பொறியாளர்களின் பத்திரிகையில் வெளியானது.

அதில் இருப்பதை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு எஃகுத் துண்டை இழுக்கலாம், நசுக்கலாம், முறுக்கலாம், வளைக்கலாம். ஆய்வகத்தில் பெரும்பாலும் நேராக இழுத்துத்தான் சோதிக்கிறோம். ஓடும் எந்திரத்திலோ எல்லாம் ஒன்றாக வந்து விழும். அப்படி வரும்போது உலோகம் எந்தக் கட்டத்தில் தளர்ந்து, திரும்பப் பழைய உருவத்துக்கு வராமல் போகும்? ஹூபர் உள்ளே தேங்கும் ஆற்றலைப் பார்த்தார். அந்த ஆற்றலில் ஒரு பங்கு பொருளின் கன அளவை மாற்றுகிறது, இன்னொரு பங்கு வடிவத்தை மாற்றுகிறது. ஆழ்கடலின் அடியில் ஒரு எஃகுக் குண்டைப் போட்டால் தண்ணீர் நாலா பக்கமும் நெருக்கும். குண்டு இம்மியளவு சுருங்கும், உருவம் கெடாது. உருவத்தைக் கெடுக்கும் பங்கு ஓர் எல்லையைத் தொடும்போதுதான் உலோகம் தளர்கிறது. இந்த ஒரே கருத்திலிருந்து, முறுக்கில் உலோகம் தளரும் தகைவு (ஒரு சதுர அளவுக்கு வரும் விசை) இழுப்பில் தளரும் தகைவில் 0.577 பங்கு என்ற எண் கிடைக்கிறது. தண்டு வடிவமைப்பவர்கள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஹூபர் எழுதியது இன்றைய சூத்திரத்துக்கு அச்சு அசலாக ஒன்றல்ல. இழுவை மேலோங்கிய இடத்தில் கன அளவின் பங்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். மீசஸ் 1913இல் தன் வழியில் வந்து சேர்ந்தார், ஹென்கி 1924இல் ஆற்றல் விளக்கத்தைத் தந்தார். இவர்களுக்கெல்லாம் முன்பு 1856இல் மாக்ஸ்வெல் ஒரு கடிதத்தில் இதே யோசனையைத் தொட்டிருக்கிறார், அது அச்சேறியது வெகு காலம் கழித்து. மூவர் பெயரையும் சேர்த்து ஹூபர்-மீசஸ்-ஹென்கி என்று சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஒரு தகவல்: ரிச்சர்ட் வான் மீசஸ் பிறந்ததும் அதே லிவூஃபில்தான், 1883இல்.

கிராக்கோவ், திங்கள்

காலையில் மயோரம் கல்லூரிக் கட்டடம். யாகெல்லோனியப் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகம், பல்கலைக்கழகம் தொடங்கியது 1364இல். கோபர்நிக்கஸ் படித்த இடம் என்று எல்லோரும் அதற்காகவே வருகிறார்கள். எனக்கு அங்கே நெஞ்சில் நின்றவர்கள் வ்ரூப்லெவ்ஸ்கியும் ஒல்ஷெவ்ஸ்கியும். 1883 ஏப்ரலில் இந்த ஊரில்தான் அவர்கள் ஆக்சிஜனைத் திரவமாக்கி, கண்ணாடிக் குழாயின் அடியில் அமைதியாகக் கொதிக்கவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் நைட்ரஜனையும். குளிர்ப் பொறியியலுக்குக் கிராக்கோவின் பங்கு அது.

மதியம் பிளான்டி. பழைய நகரச் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊரைச் சுற்றி வளைத்துப் போட்ட பூங்கா. மரநிழலில் நடந்தே நகரை வலம் வரலாம். கையில் ஒரு ஒப்வஜானெக், வளையமாக முறுக்கி எள் தூவிச் சுட்ட ரொட்டி, தெருமுனைத் தள்ளுவண்டியில் கிடைக்கிறது. வாவெல் கோட்டைக்கு அருகே ஒரு பெஞ்சில் இரண்டு வெண்கல மனிதர்கள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் கணித அறிஞர்கள். ஒருவர் ஸ்டெஃபான் பனாக், மற்றவர் ஒட்டோ நிகோடிம். 2016இல் வைத்த சிலை. அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1916 கோடையில், இந்தப் பூங்காவில் உலாவிக்கொண்டிருந்த கணித அறிஞர் ஹூகோ ஸ்டைன்ஹவுஸ் காதில் ‘லெபேக்’ என்ற சொல் விழுந்தது. லெபேக் தொகையீடு அப்போது புத்தம்புதிய கணிதம். பூங்கா பெஞ்சில் அதை யார் பேசுகிறார்கள் என்று நின்று பார்த்தார். இரண்டு இளைஞர்கள், பனாக்கும் நிகோடிமும். தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

பனாக்கின் கதையைக் கேட்டால் மனம் எளிதில் ஆறாது. 1892இல் இதே ஊரில் பிறந்தவர். பெற்ற தாயின் முகம் அறியாதவர், துணி வெளுத்துப் பிழைத்த ஒரு பெண்மணி வளர்த்தார். லிவூஃப் பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்கப் போய், பாதிப் படிப்புக்கான தேர்வை 1914இல் தேறினார். உடனே உலகப் போர். திரும்பி வந்து சாலை போடும் வேலையில் மேற்பார்வை, ட்யூஷன். அந்த நிலையில்தான் பெஞ்சில் உட்கார்ந்து லெபேக் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்டைன்ஹவுஸ் தான் நெடுநாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கேள்வியை அவர்களிடம் சொன்னார். ஒலியில் வேலை செய்யும் எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். எந்த ஒலியையும் அலைகளாகப் பிரித்து, அவற்றைக் கூட்டிக் கூட்டி மறுபடி அதே ஒலியைக் கட்டலாம் என்பது ஃபூரியேயின் வழி. கூட்டிக்கொண்டே போனால் சராசரிக் கணக்கில் மூலத்தை வந்து அடையுமா, எப்போதும் அடையுமா? ஒரு சில நாட்களில் பனாக் வந்து, அடையாது என்பதற்கு எடுத்துக்காட்டு ஒன்றைத் தந்தார். இருவர் பெயரிலும் 1918இல் அது கட்டுரையாக வந்தது. பனாக்கின் முதல் கட்டுரை அது. பட்டம் முடிக்காத அவரை 1920இல் லிவூஃப் பாலிடெக்னிக்கில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டவர் அந்தோனி வோம்னிட்ஸ்கி என்ற பேராசிரியர். அதே ஆண்டு முனைவர் பட்டம். அந்த ஆய்வேட்டில் வந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பனாக் வெளி என்று சொல்வது. சிக்னலைப் பற்றிய எந்த உயர்கணக்கும் அந்த நிலத்தில்தான் நடக்கிறது. வோம்னிட்ஸ்கியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மறுபடி வருவார்.

என் கண்டுபிடிப்புகளிலேயே பெரியது பனாக்தான் என்று ஸ்டைன்ஹவுஸ் சொல்வதுண்டாம். பெஞ்சில் மூன்றாவது ஆள் உட்கார இடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மாறி மாறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன்.

வ்ரோட்ஸ்வாஃப், செவ்வாய்

ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். 1945வரை இது பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம். போர் முடிந்து எல்லைகள் மாறியபோது லிவூஃப் சோவியத் பக்கம் போனது, பிரெஸ்லாவ் போலந்துக்கு வந்தது. லிவூஃபின் பேராசிரியர்களில் உயிரோடு எஞ்சியவர்கள் பலர் இடிபாடாகக் கிடந்த இந்த ஊருக்கு வந்து வகுப்பைத் தொடங்கினார்கள்.

எஞ்சியவர்கள் என்றேன். பாலிடெக்னிக்கின் அருகே அதற்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. 1941 ஜூலை 4 விடியற்காலையில் லிவூஃபின் வுல்கா குன்றுகளில் ஜெர்மானியர்கள் பேராசிரியர்களை வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். வோம்னிட்ஸ்கி அங்கே கொல்லப்பட்டார். கணிதத்தில் ஸ்டோஜெக், மின்பொறியியலில் க்ருகோவ்ஸ்கி, நில அளவையில் வைகெல். வடிவியல் பேராசிரியரும் முன்னாள் பிரதமருமான காஜிமியெஷ் பார்டெலை அதே மாதக் கடைசியில் கொன்றார்கள். சின்னத்தில் போலிஷ் மொழியில், எங்கள் முடிவு உங்களுக்கு எச்சரிக்கை என்ற பொருளில் எழுதியிருக்கிறது. பூ வைக்கும் கல்லருகே வாடாத கார்னேஷன்கள். இன்றும் யாரோ வருகிறார்கள்.

இன்று இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

வ்ரோட்ஸ்வாஃப், புதன்

இங்கே மெக்கானிக்கல் முதுகலை படிக்கும் திருச்சிப் பெண் ஒருத்தி, என் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பைப் படித்துவிட்டு, “அக்கா, நான் ஊரைச் சுத்திக் காட்டறேன்” என்று செய்தி அனுப்பியிருந்தாள். காலையில் ஓட்ரா ஆற்றுத் தீவுகளில் நடந்தோம்.

“இங்க பரீட்சையில மீசஸ்னு மட்டும் எழுதினா சார் விடமாட்டாரு அக்கா. பக்கத்துல சிவப்பு மையில ஹூபர்னு எழுதித்தான் பேப்பரைத் திருப்பித் தருவாரு.”

“நல்ல மனுஷன்.”

“எங்க புத்தகத்துல ஹூபர் கருதுகோள்னுதான் போட்டிருக்கு. ஊர்ல படிச்சப்ப யாரும் சொல்லவே இல்லையே.”

அவளுக்கு நான் சொல்ல ஒரு சேதி இருந்தது. எங்கள் ஒலித்துறையின் தந்தை என்று சொல்லப்படும் எர்ன்ஸ்ட் கிளாட்னி கண் மூடியது இந்த ஊரில்தான், 1827 ஏப்ரலில். அவர் போலிஷ்காரர் அல்ல, விட்டன்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுப்பார். மணல் அதிரும் இடங்களிலிருந்து துள்ளி ஓடி, அசையாத கோடுகளில் போய்ச் சேர்ந்து கோலம் போடும். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், ஊர் ஊராகப் போய் இந்தக் காட்சியைக் காட்டிச் சொற்பொழிவு செய்தே பிழைத்த மனிதர். இன்றும் ஒரு தகட்டின் அதிர்வு வடிவங்களைக் கணினியில் பார்க்கும்போது நான் பார்ப்பது அவருடைய கோடுகளைத்தான்.

பிறகு ஸ்டைன்ஹவுஸ். கிராக்கோவில் பனாக்கைக் கண்டெடுத்த அதே மனிதரின் பிற்பாதி வாழ்க்கை இந்த ஊரில். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் போரின்போது க்ரெகோஷ் குரோக்மால்னி என்ற இறந்துபோன ஒருவரின் பெயரில், கிராமத்தில் ஒளிந்து வாழ்ந்தார். ரகசியமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். கையில் நூல் இல்லை, சேதி இல்லை. கிடைத்தது எப்போதாவது வரும் ஜெர்மன் நாளிதழ். அதில் போரில் இறந்த வீரர்களுக்கான இரங்கல் அறிவிப்புகள் இருக்கும். சில அறிவிப்புகளில், இவர் எங்களின் இரண்டாவது மகன், மூன்றாவது மகன் என்று குடும்பத்தார் போட்டிருப்பார்கள். எத்தனை அறிவிப்புகளில் அப்படி வருகிறது என்ற விகிதத்தை வைத்து, ஜெர்மனி தன் வீரர்களில் எத்தனை பங்கை இழந்திருக்கும் என்று மறைவிடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஹிட்லரின் வானொலி சொல்லாததை இரங்கல் அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டார். பயன்பாட்டுக் கணிதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனி நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

இங்கே வந்த பிறகு கையில் எது கிடைத்தாலும் அதற்குள் கணிதத்தைக் கொண்டுபோனார். தந்தை யார் என்ற வழக்குகளில் ரத்தவகையை வைத்து நிகழ்தகவு கணித்து நீதிமன்றத்துக்கு உதவினார். காட்டில் நிற்கும் மரத்தின் பருமனை அளக்க வழி சொன்னார். பயன்பாட்டுக் கணிதத்துக்கென்று 1953இல் ஒரு ஆய்விதழைத் தொடங்கினார், அது இன்றும் வருகிறது.

நான் ஊரிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் தாளில் சதுரக் கட்டம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தேன். ஸ்டைன்ஹவுஸின் நீளமானி. கட்டத்தின் பக்கம் 3.82 மில்லிமீட்டர், 12ஐ π (பை) என்ற எண்ணால் வகுத்தால் வருவது. வரைபடத்தில் ஒரு வளைந்த கோட்டின் மேல் தாளை வைத்து, கட்டக் கோடுகள் அதை எத்தனை இடத்தில் வெட்டுகின்றன என்று எண்ண வேண்டும். தாளை 30 டிகிரி திருப்பி மறுபடி. இன்னொரு 30 டிகிரி, மறுபடி. மூன்றையும் கூட்டினால் அதுவே கோட்டின் நீளம், மில்லிமீட்டரில். பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. பால் உணவகம் என்று இங்கே சொல்லும் மலிவுச் சாப்பாட்டுக் கடையில், பியரோகி (நம் கொழுக்கட்டை மாதிரி) தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சுற்றுலா வரைபடத்தில் ஓட்ராவின் ஒரு கிளையை அளந்தோம். நூற்று முப்பது சொச்சம் வெட்டுகள் வந்தன. நூலை வளைத்து வைத்தும் அளந்து பார்த்தோம். சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அவள் நம்ப முடியாமல் இன்னொரு கிளையை அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதையெல்லாம் அளந்த மனிதர்தான் 1954இல் இன்னொன்றையும் எழுதினார். போலந்தின் விஸ்துலா ஆற்றின் இடக்கரையை மேலும் மேலும் நுணுக்கமாக அளந்துகொண்டே போனால், பள்ளி வரைபடத்தில் படிக்கும் நீளத்தைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்குகூட வரும் என்று. பிற்பாடு கணித அறிஞர் மாண்டல்பிரோ கடற்கரை நீளத்தைப் பற்றி எழுதியபோது இந்த வரிகளை எடுத்துக்காட்டினார்.

சாயங்காலம் அவருடைய கல்லறைக்குப் போனோம். ஆன்மாவுக்கும் சடப்பொருளுக்கும் நடுவே கணிதம் நின்று பேசுகிறது என்ற கருத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறது. அவர் காலமானது 1972இல். தங்கையாகிவிட்ட அந்தப் பெண் கல்லறைக் கல்லருகே முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டாள்.

வார்சா, வியாழன்

நாள் முழுக்க ரயிலும் மழையும். சாயங்காலம் மழை விட்டதும் ப்ருடென்ஷியல் கட்டடத்தை மட்டும் பார்த்தேன். இப்போது அது ஒரு ஹோட்டல். 1930களின் தொடக்கத்தில் 66 மீட்டர் உயரத்துக்குக் கட்டியது. எஃகுச் சட்டகத்தை வடிவமைத்தவர் ஸ்டெஃபான் பிரிவா. 1944 ஆகஸ்டில், ஜெர்மானியருக்கு எதிரான வார்சா எழுச்சியின்போது, இரண்டு டன் எடையுள்ள பீரங்கிக் குண்டு ஒன்று இதன்மேல் விழுந்து வெடித்தது. அந்த நொடியைப் பிடித்த புகைப்படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். சுவர்கள் போயின, வெளிப்பூச்சு போயிற்று, எஃகுச் சட்டகம் சாயவில்லை. நகரத்தில் பெரும்பகுதி தரைமட்டமான பிறகும் அந்தக் கூடு நின்றது. இன்றைய ஹோட்டலின் சுவருக்குள் இருப்பதும் அதே எஃகுதான்.

வோவிச், வெள்ளி

இந்தப் பயணத்தில் நான் மிகவும் ஆவலோடு காத்திருந்த நாள். வார்சாவிலிருந்து மேற்கே சுமார் ஒரு மணி நேரத்தில் வோவிச். அங்கிருந்து சில கிலோமீட்டரில் மௌஜிட்ஸே கிராமம், ஸ்வுத்வியா என்ற சிற்றாறு. அதன்மேல் 27 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம். உலகிலேயே முழுக்க வெல்டிங் செய்து கட்டிய முதல் சாலைப் பாலம். பிரிவா 1927இல் வடிவமைத்தார், 1929இல் போக்குவரத்துக்குத் திறந்தார்கள்.

அதுவரை எஃகுப் பாலம் என்றாலே ரிவெட்டுதான். துளை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகி, அடித்துத் தலை கட்ட வேண்டும். துளை போட்ட இடத்தில் தகடு பலம் இழக்கும், அதை ஈடுகட்டக் கூடுதல் தகடு, கூடுதல் எடை. வெல்டிங்கில் உலோகம் உலோகத்தோடு உருகிச் சேர்ந்துவிடுகிறது, எஃகு மிச்சம். ஆனால் அப்போது எந்தப் பொறியாளர் வெல்டிங்கை நம்பிப் பாலத்தில் ஆளை விடுவார்? பிரிவா முதலில் சோதனைகள் செய்தார், வெல்டிங் கட்டுமானத்துக்கான விதிமுறைகளை எழுத முன்னின்றார், அப்புறம்தான் பாலம். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஹெளரா பாலத்திலோ பழைய ரயில் பாலங்களிலோ பார்த்திருப்பீர்கள், மூட்டு முழுக்க ஆணித்தலைகள் புடைத்து நிற்கும். இங்கே மூட்டுத் தகடு வழுவழுவென்று இருக்கிறது. குறுக்குக் கம்பி தகட்டைத் தொடும் விளிம்பில் விரல் பருமனுக்கு ஒரு தையல் ஓடுகிறது. பெயின்ட் அடுக்குகளுக்கு அடியிலும் வெல்டர் கைவைத்து நிறுத்தி மறுபடி தொடங்கிய இடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஒரே சீராக இல்லை. சில இடத்தில் தையல் பருத்து, சில இடத்தில் மெலிந்து. இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு தொழிலாளியின் கை அசைவு எஃகில் அப்படியே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன். 1977இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபோது இதை ஆற்றில் சற்று மேலே நகர்த்தி வைத்துவிட்டார்கள். இப்போது வண்டிகள் இதன்மேல் போவதில்லை. பக்கத்திலேயே நீலச் சுவர்களும் வைக்கோல் கூரையுமாக அந்த வட்டாரத்துப் பழைய வீடுகளைச் சேர்த்து வைத்த திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது, குழந்தைகளோடு வருபவர்கள் தவறவிட வேண்டாம்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் வார்சாவில் பிரிவா மாணவர்களுக்கு மறைவில் பாடம் நடத்தினார். 1943 நவம்பரில் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ பிடித்துப்போனது. டிசம்பர் 3 அன்று புவாவ்ஸ்கா தெருவில் பலரோடு நிறுத்திச் சுட்டார்கள். இரவு வார்சா திரும்பி அந்த இடத்துக்குப் போனேன். சுவரில் நினைவுக்கல் இருக்கிறது, டிராம்கள் போகின்றன.

வார்சா, சனி

அரச கோட்டை. போருக்கு முன்பு குடியரசுத் தலைவர் இருந்த இடம் என்பதற்காகப் போனேன். 1926 முதல் 1939வரை அந்தப் பதவியில் இருந்த இக்னாட்ஸி மொஷ்சிட்ஸ்கி அடிப்படையில் வேதிப் பொறியாளர். காற்றிலிருந்து நைட்ரிக் அமிலம் எடுக்கும் முறையில் பெயர் பெற்றவர். அவர் செய்த உயரழுத்த மின்தேக்கிகள் ஈஃபில் கோபுர வானொலி நிலையத்தில் பயன்பட்டன. லிவூஃப் பாலிடெக்னிக்கில் பேராசிரியர். எல்லாப் பாதையும் லிவூஃபில் போய்த்தான் முட்டுகிறது.

அவருடைய பேரன் யூசெஃப் ஸ்விஸ்லோட்ஸ்கி என் தொழிலுக்குப் பக்கத்துச் சொந்தம். 1922இல் லிவூஃபில் பிறந்து, போரில் நாட்டை இழந்து, சூரிச்சில் படித்தவர். காதுக்குள் இருக்கும் நத்தைக்கூட்டு உறுப்பில் ஒலி அலை எப்படி நகர்கிறது என்பதற்கு 1948இல் கணிதக் கோட்பாடு எழுதினார். பிறகு அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் புலன்களுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்றை உருவாக்கி, 2018இல் காலமானார். காதில் செருகும் செவிக்கருவியைச் சோதிக்க மனிதக் காதைப்போலவே நடந்துகொள்ளும் ஒரு உலோகக் காது வேண்டும். அவர் வடிவமைத்த அந்தச் சிறு உருளையின் பெயர் ஸ்விஸ்லோட்ஸ்கி கப்ளர். உள்ளே சின்னச் சின்னக் கிளை அறைகள், ஒவ்வொன்றும் செவிப்பறையின் எதிர்ப்பில் ஒரு பங்கைச் செய்கிறது. நான் முதன்முதலில் ஹெட்போன் சோதித்தது அந்த வகைக் காதில்தான்.

போருக்குப் பின் போலந்தில் ஒலியியலை ஒரு துறையாக நிறுத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் இக்னாட்ஸி மாலெட்ஸ்கி (1912-2004). அவர் இருந்த அறிவியல் கழகத்தின் அடிப்படைத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தை வெளியிலிருந்து பார்த்தேன், சனிக்கிழமை மூடியிருந்தது. அங்கேதான் லெஷெக் ஃபிலிப்சின்ஸ்கியின் குழு மருத்துவ அல்ட்ராசவுண்ட் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கியது. ஹூபரின் 1904 கட்டுரை முழுதாக ஆங்கிலத்தில் வந்ததும் அந்த நிறுவனத்தின் இயக்கவியல் இதழில்தான், நூறாவது ஆண்டான 2004இல். நூறு ஆண்டு!

யான் சோக்ரால்ஸ்கியைப் பற்றிச் சொல்லாமல் வார்சாவை விட முடியாது. பெர்லினில் வேலை பார்த்தபோது, 1916இல், யோசனையில் மைக்கூட்டுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த உருகிய வெள்ளீயத்தில் பேனாவை முக்கிவிட்டார் என்பார்கள். நிப்பில் ஒரு மெல்லிய உலோக இழை தொங்கியது, முழு இழையும் ஒரே படிகம். இன்று சிப் செய்யும் சிலிக்கான் படிகங்களில் பெரும்பாலானவை அந்த முறையில்தான் இழுக்கப்படுகின்றன. மொஷ்சிட்ஸ்கி அழைத்ததால் வார்சா பாலிடெக்னிக்குக்கு வந்தார். போரில் ஜெர்மானியருக்கு உதவினார் என்று பழி. நீதி விசாரணையில் குற்றமில்லை என்று ஆகியும், 1945இல் பாலிடெக்னிக் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த ஊரான க்ட்ஸினியாவில் வீட்டு உபயோகப் பொருள்கள் செய்யும் சிறு தொழில் நடத்தி, 1953இல் இறந்தார். அதே பாலிடெக்னிக் 2011இல் அவருடைய பெயரை மீட்டுக் கொடுத்தது. படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அவர் இறந்து 58 ஆண்டு கழித்து.

கதான்ஸ்க், ஞாயிறு

மூன்று மணி நேரத்துக்குள் விரைவு ரயில் பால்டிக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நேராகப் பாலிடெக்னிக். சிவப்புச் செங்கல்லில் கோபுரமும் முகப்புமாகப் பெரிய மாளிகை. ஜெர்மானியர்கள் இதைத் திறந்தது 1904இல், ஹூபர் கட்டுரை எழுதிய அதே ஆண்டு. உள்முற்றங்களில் ஒன்றுக்கு ஹெவேலியஸ் பெயர், மற்றதற்கு ஃபாரன்ஹீட் பெயர், இருவரும் இந்த ஊர் மைந்தர்கள். ஹெவேலியஸ் முற்றத்தில், பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்டும் ஃபூக்கோ ஊசல் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஹூபரின் மீதிக் கதையை இங்கே சொல்ல வேண்டும். கிராக்கோவ் தொழிற்பள்ளிக்குப் பிறகு லிவூஃபில் பேராசிரியர். முதல் உலகப் போரில் பிஷெமிஷில் கோட்டை விழுந்தபோது ரஷ்யர்களிடம் கைதி. சிறையிருப்பிலும் தகடுகளின் கோட்பாட்டில் வேலை செய்தார். இரண்டு திசையிலும் வெவ்வேறு விறைப்பு உள்ள தகடுகள், கம்பி போட்ட கான்கிரீட் தளம் மாதிரி. பாலத் தளங்களுக்கு இன்றும் உதவும் கணக்கு அது. திரும்பி வந்து லிவூஃப் பாலிடெக்னிக்கின் ரெக்டர், அதாவது தலைவர், 1928இல் வார்சா. அடுத்த போரில் வார்சாவும் எரிந்தது. 1945இல் அவருக்கு வயது 73. ஓய்வு கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கூரை எரிந்து கிடந்த இந்தக் கட்டடத்துக்கு வந்து இயக்கவியல் நடத்தினார். 1949வரை இங்கே, பிறகு கிராக்கோவின் சுரங்கப் பொறியியல் பல்கலைக்கழகத்தில். 1950 டிசம்பரில் கிராக்கோவிலேயே இறந்தார், கடைசிவரை வேலையில்.

இங்கே அவரோடு இருந்த இளையவர் விட்டோல்ட் நோவாட்ஸ்கி. போர் ஆண்டுகளை வோல்டன்பர்க் அதிகாரிகள் கைதி முகாமில் கழித்து, அங்கேயும் சக கைதிகளுக்கு வகுப்பு எடுத்தவர். சூடும் தகைவும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்ற வெப்ப மீள்மை இயலில் உலகப் பெயர் பெற்றார், பின்னாளில் அறிவியல் கழகத்தின் தலைவரும் ஆனார். டர்பைன் உறைகள் சூடேறும்போது நான் போடும் கணக்குகளுக்குள் அவர் இருக்கிறார்.

படிக்கட்டுகளில் கோடை விடுமுறையின் வெறுமை. காவலாளி முதலில் யோசித்தார். கைப்பேசியில் ஹூபர் படத்தைக் காட்டியதும் கையால் மேல்தளத்தைக் காட்டிப் போகச் சொன்னார். தாழ்வாரத்தில் நடந்து ஒரு விரிவுரை அறையின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மரப் பெஞ்சுகள், பெரிய கரும்பலகை. எந்த அறையில் அவர் நடத்தினாரோ, யாரையும் கேட்கவில்லை.

திருச்சிப் பெண் செய்தி அனுப்பியிருக்கிறாள்: “அக்கா, அடுத்து எங்க?” லிவிவ் என்று எழுதினேன். பனாக் அங்கேதான் லிச்சாகிவ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் உயிர் பிழைக்க, பேன்களை வளர்த்து டைபஸ் காய்ச்சலுக்குத் தடுப்பூசி செய்யும் ஆய்வகத்தில் தன் ரத்தத்தைப் பேன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1945 ஆகஸ்ட் 31இல், 53 வயதில், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அவரும் சக கணித அறிஞர்கள் மஜூரும் ஊலாமும் கணக்குகளை எழுதிவைத்த ஸ்காட்டிஷ் கஃபே இருந்த கட்டடமும் அங்கே இருக்கிறது. ஹூபரின் கட்டுரை அச்சான ஊர், பிரிவா படித்த ஊர், ஸ்விஸ்லோட்ஸ்கி பிறந்த ஊர். இப்போது அங்கே போர். அது ஓய்ந்த பிறகு போவேன், அவளும் வருகிறேன் என்கிறாள்.